டைகருக்கு ஒட்டிய சீட்டு

கணவன் சென்னகிருஷ்ணனோடு பேச்சை நிறுத்தியிருந்த ருக்மணி, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுமுன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டை ஒட்டினாள். மேலே நாயின் பெயரைத்தான் எழுதினாள். கிழட்டு நாய்க்கு இரண்டு கண்ணிலும் புரை. அதனாலென்ன? படிக்க வேண்டியவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படிப்பார்.

"டைகர், ஹாட்பாக்ஸ்ல இட்லி இருக்கு, உங்கப்பாவுக்கு. உனக்கு உப்பில்லாத தயிர்சாதம். இருதய மாத்திரையை அதுல வெச்சு ஊட்டச் சொல்லு. மஞ்சள் டப்பா உன்னுது, சிவப்பு டப்பா அவருது. போன வாரம் உன் முட்டிவலி மாத்திரையை முழுங்கிட்டு, 'இப்பத்தான் டாக்டர் சரியான மருந்து குடுத்திருக்கார்'னு மாடிப்படி ஏறி எறங்கினார். நீ சிரிக்காதே.

வயசாயிடுச்சு, மூச்சு வாங்குது, கூப்பிட்டா காது கேக்கல, நாளெல்லாம் படுத்தே கெடக்குது, வேப்பனப்பள்ளி மாந்தோப்புல கொண்டுபோய் விட்டுடலாம்னு நேத்து சொன்னாரே, கேட்டியா? நானும் யோசிச்சேன். அத்தனையும் சரியாத்தான் இருக்கு."

இடம் தீர்ந்துபோய், கடைசி வரியை ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"தோப்புக்காரருக்குப் போன் பண்ணி, ஒரு கயித்துக் கட்டில் போட்டு வைக்கச் சொல்லிட்டேன். நீ வீட்டுலயே இரு."