ஏழில் வீசிய கத்தி

மார்ச் 3, செவ்வாய்
இன்று பதினாறு பேரைக் கொன்றேன். கதாநாயகிக்கு டூப் போடும் நான்தான் படத்தில் வரும் கடற்கொள்ளைக் கூட்டத்தின் தலைவி. கூடவே ஸ்டண்ட் செய்யும் என் வீட்டுக்காரர் மட்டும் தாடி மாற்றி, தலைத்துணி மாற்றி என் கையால் மூன்று தடவை செத்தார். “வீட்ல பண்றதையே இங்க சம்பளம் வாங்கிட்டுப் பண்றியேம்மா” என்றார் மேக்கப்காரர். இவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

தொடை கன்றிப் போயிருக்கிறது. நாளைக்கும் அதே இடத்தில் உதை வாங்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்
பாய்மர உச்சியிலிருந்து விழும் காட்சிக்காக மூன்று வாரம் அட்டைப்பெட்டிகள் மேல் குதித்துப் பழகினேன். இன்று ஸ்டண்ட் மாஸ்டர் என் முகத்தைப் பார்க்காமலே சொல்கிறார்: “அதை உன் வீட்டுக்காரர் பண்றேன்னு சொல்லிட்டாரும்மா.”

என் பாவாடை, என் விக்கு, உள்ளே இவர்! வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“உனக்கு ஒண்ணு ஆயிட்டா பாப்பாவை யாரு பாக்கறது?”

“உங்களுக்கு ஆனா?”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். யாரைக் கேட்டு என் வேலையைப் பிடுங்கினார்?

மார்ச் 10, செவ்வாய்
எங்கள் மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. கத்தியைக் கையில் தருவதற்கு முன் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, “யாருக்காவது யார் மேலயாவது கோபம் இருக்கா?” என்று கேட்பார். கை தூக்கினால் காரணம் கேட்கமாட்டார், ஜோடியை மாற்றிவிடுவார்.

நான் தூக்கவில்லை.

கேமரா கிட்டத்தில் வைத்திருந்ததால் மரக்கத்தி ஆகாது என்று கூர் மழுங்கிய இரும்புக் கத்தி கொடுத்தார்கள். எட்டு ஆட்கள் கப்பல் செட்டின் தளத்தை ஆட்டினார்கள். டிரம் டிரம்மாகத் தண்ணீர் மேலே விழுந்தது. மாஸ்டர் எண்ணிக் கத்தினார். ஏழில் இவர் குனிய வேண்டும், எட்டில் நான் வீச வேண்டும். நூறு தடவை செய்தது.

ஏழில் வீசிவிட்டேன்.

இரும்பு இடது காதோடு மண்டையில் இறங்கியது. எலும்பின் சத்தம் என் மணிக்கட்டு வரை வந்தது. காது பாதி கிழிந்து தொங்கியது. இவர் பலகையில் விழுந்து கால்களை உதறினார். தண்ணீரோடு ரத்தம் என் பூட்ஸுக்கு அடியில் ஓடியது. “சூப்பர்! கட்!” என்று டைரக்டர் கை தட்டினார். பிறகுதான் நான் அலறினேன் போலிருக்கிறது.

பதினான்கு தையல். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் இவர் மாஸ்டரிடம் சொன்னார்: “தப்பு என்னோடதுதான். குனிய லேட்டாயிடுச்சு.”

நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

மார்ச் 11
வேண்டுமென்றே செய்தேனா? ஐயோ, இல்லை. இல்லையா?

மார்ச் 17, செவ்வாய்
ஆள் இல்லாததால் பாய்மரத்திலிருந்து நானே விழுந்தேன். ஒரே டேக்கில் ஓகே. எல்லோரும் கை தட்டினார்கள். பெட்டிகளுக்கு நடுவே கிடந்தபடி அழுதேன். அடிபட்டுவிட்டது என்று தூக்க ஓடி வந்தார்கள்.

இவர் வெட்டுப்பட்ட ஷாட்டை அப்படியே படத்தில் வைக்கப் போகிறார்களாம்.

ஏப்ரல் 20, திங்கள்
தையல் ஆறிவிட்டது, ஆனால் இடது காது இனி கேட்காது என்றார் டாக்டர். மாஸ்டர் இவரை மரக்கத்தியோடு நிறுத்தி எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை சரியாகக் கேட்காமல் மூன்று தடவையும் தோளில் அடி. நான்காவது தடவை மாஸ்டர் எண்ணவில்லை. “நீ கொஞ்ச நாள் வீட்ல இருப்பா” என்றார்.

பதினொரு வருட வேலை. வெளியே வந்தவர் சுவரில் ஓங்கிக் குத்தினார். முட்டியெல்லாம் ரத்தம்.

ஏப்ரல் 21, செவ்வாய்
சொல்லிவிட்டேன். “நீங்க லேட் இல்லீங்க. நான்தான் ஏழுலயே வீசிட்டேன். கோபத்துல இருந்தேன்.”

“தெரியும்” என்றார். “அப்ப எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தானே கேட்டுச்சு.”

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஜூலை 5, ஞாயிறு
படம் நன்றாக ஓடுகிறது. அந்த வெட்டுக்கு விசில் பறக்கிறதாம். நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

மத்தியானம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்தவர் சமையலறை வாசலிலேயே நின்றார். என்னவென்று திரும்பிப் பார்த்தேன். அவர் பார்வை என் கையில் இருந்தது. கத்தியைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தார்.