சத்தியம் செய்யாத வீட்டின் ஓட்டு

என் ஆசை மாமாவுக்கு, அம்மாவின் தம்பியாய்ப் பிறந்து என்னையே கட்டிக்கொண்ட மகராசனுக்கு,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் விற்று முடித்ததும் கால் தன்னால் பேப்பர் கடைக்குப் போகிறது. முன்பெல்லாம் கரையில் உட்கார்ந்து நான் படிப்பேன், நீ வலை தைத்துக்கொண்டே எல்லாரையும் திட்டுவாய். இப்போது படிப்பதும் நான், திட்டுவதும் நான். தனியாகப் பேசுகிறாள் என்று குப்பத்தில் சிரிக்கிறார்கள்.

எந்தச் சேதியை முதலில் சொல்ல? ஹாக்கியில் உலகக் கோப்பை வாங்கியபோது டிரான்சிஸ்டரைத் தோளில் வைத்துக்கொண்டு கரையெல்லாம் ஓடினாயே, அந்த நம்மாட்கள் மறு வருஷம் ஒலிம்பிக்கில் ஏழாவதாக வந்தார்கள். புல்லுக்குப் பதிலாக ஏதோ செயற்கைத் தரையாம். நல்லவேளை, அதைக் கேட்க நீ இல்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு அடுத்த நிமிஷமே வாயில் அடித்துக்கொண்டேன்.

பிரதமராக இருந்த உன் தில்லி அம்மாவும் பங்குனித் தேர்தலில் தோற்றுப்போனார். ஆமாம் மாமா, சொந்தத் தொகுதியிலேயே. வடக்கே அத்தனை பேரும் எதிராகக் குத்த, நம் பக்கம் மட்டும் அவர் கூட்டணிக்கு அள்ளிக் கொடுத்தோம். ஏன் என்று கேட்டால், நெருக்கடி காலத்தில் ரயில் நேரத்துக்கு வந்தது என்கிறார்கள். ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு ரயிலை நேரத்துக்கு விட்டால் போதுமா? பாதி சேதியை அடித்துவிட்டுப் பேப்பரைக் கொடுத்தார்களே, அது ஒருத்தருக்கும் உறைக்கவில்லையா? இதை நீ கேட்டால் என்மேல் பாய்வாய். பாயத்தான் ஆள் இல்லை.

வைகாசிக் கடைசியில் சட்டசபைத் தேர்தல் வந்தது. வழக்கம்போல ஊர் கூடி, இந்தத் தடவை எல்லா ஓட்டும் சினிமாக்காரர் கட்சிக்கு என்று முடிவு பண்ணியது. அம்மன் கோயில் முன்னால் வீட்டுக்கு ஒரு ஆம்பளை கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தார்கள். முன்பு ஊரே உன் தில்லி அம்மா கட்சி. நீ அடிப்பாய், நீ சொன்ன சின்னத்தில் நான் குத்துவேன். இப்போது நம் வீட்டில் அடிக்க ஆம்பளை ஏது?

ஊர்த் தலைவர் வாசலுக்கே வந்தார். "இன்னாமே, உன் வூட்டுக்கும் சேத்து நானே அட்ச்சிட்டேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "அட்ச்சது உங்க கை, தலைவரே. ஓட்டு குத்தப் போறது என் கை" என்றேன்.

கரைவலை இழுக்கும்போது ஆம்பளை இல்லாத வீட்டுக்கு ஊர் ஒதுக்குகிற மீன் பங்கை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பயந்துதான் போனேன் மாமா. அந்தப் பங்கை விற்றுத்தானே உன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஆனாலும் ஓட்டுப் போடப் போனேன். முத்திரையைக் கையில் கொடுத்தார்கள். மறைப்புக்குள் நின்று பார்த்தால் ஊர் சொன்ன சின்னமும் இருக்கிறது, உன் சின்னமும் இருக்கிறது. "எதுல குத்த மாமா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். வெளியே இருந்த அதிகாரி, சீக்கிரம் வாம்மா என்று சத்தம் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நானே பார்த்துக் குத்தினேன்.

ஊர் சொன்னதில் குத்தவில்லை. கேட்டவர்களிடம் மறைக்கவும் இல்லை. பங்கு நின்றுபோனது. இப்போது மற்றப் பெண்களோடு முட்டிமோதி ஏலத்தில் மீன் எடுக்கிறேன். கஷ்டம்தான், ஆனால் மகள் படிப்பை நிறுத்தவில்லை.

உன் கட்சிக்கும் போடவில்லை மாமா. நீ உயிரோடு இருந்து, நான் இதைச் சொல்லியிருந்தால் குப்பமே திரளும்படி கத்தியிருப்பாய், ராத்திரி சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பாய். அந்தக் கோபத்தை ஒரே ஒரு தரம் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தினமும் உனக்குப் பேப்பர் படிப்பேன், சாகிற வரைக்கும். ஆனால் என் ஓட்டை இனி யார் சொல்லியும் போடமாட்டேன், நீ சொன்னாலும். ரோஷம் இருந்தால் எழுந்து வந்து கேள்.

உன் அக்கா மகள், உன்னோடு சண்டை போட ஏங்கிக் கிடக்கும் பெண்டாட்டி,
அலமேலு