மஞ்சள் துணி கட்டிய களாச்செடிகள்

13 ஜூன் 1968, வியாழன்

இன்றும் அதே பாட்டு. "உன் கை ஆடுதும்மா, ஃப்ளோரா." ராமசுப்பு சார் என் எண்களைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எண்ணூர்க் காட்டுக் களாப்பழத்தில் வைட்டமின் சி எவ்வளவு? இதுதான் என் ஆராய்ச்சி. ஒரே மணல்மேடு, ஒரே மழை, ஒரே உப்புக்காற்று. ஆனாலும் ஒரு செடியின் பழத்தில் இருப்பதைப்போல இரண்டு பங்கு இன்னொரு செடியில் இருக்கிறது. தின்றாலே தெரிகிறது, ஒன்று பல்லைக் கூசவைக்கும், ஒன்று தித்திக்கும். செடிக்குச் செடி மாறுகிறது என்கிறேன் நான். மாறுவது என் கை என்கிறார் அவர்.

நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, லேசான சிவப்பு நிற்கும்போது நிறுத்தவேண்டும். களாச்சாறே சிவப்பு. "அதுல எந்தச் சிவப்பைம்மா நீ பார்த்தே?" அதற்காகத்தானே அவ்வளவு தண்ணீர் கலக்கிறேன்! சொல்ல வாயெடுப்பதற்குள் எழுந்து போய்விட்டார்.

அதே செடிகளில் மறுபடி பறித்து அதே எண்கள் வந்தால் நம்புவாராம். வராவிட்டால் உதவித்தொகை நீடிக்காது. நீடிக்காவிட்டால் அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்.

16 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்ததும் ராயபுரத்தில் ரயிலேறி எண்ணூர் போனேன். போன மாதம் செடிகளில் கட்டிய தகர அடையாளம் ஒன்றுகூட இல்லை. நண்டுக்கூடு கட்டக் கம்பியை யாரோ உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள். நல்லவேளை, வரைபடம் இருந்தது. பழுத்த பழம்தான் இல்லை, மூன்று வாரம் கழித்துப் பறிக்க வரவேண்டும்.

இந்த முறை கம்பியும் இல்லை, தகரமும் இல்லை. அம்மாவின் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்துக் கட்டினேன். முதல் செடிக்கு ஒரு முடிச்சு, ஐந்தாவதற்கு ஐந்து. கிழிந்த துணியை எவன் திருடுவான்? செருப்பை மேட்டுக்குக் கீழே விட்டுவிட்டு, மணலில் வெறுங்காலோடு, முடிச்சுகளை முணுமுணுத்து எண்ணிக்கொண்டே போனேன். குப்பத்துப் பெண்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

7 ஜூலை, ஞாயிறு

ஐயோ.

மேடு முழுக்க மஞ்சள். என் ஐந்து செடிகளிலும், அக்கம்பக்கத்துச் செடிகளிலும் கொத்துக் கொத்தாக மஞ்சள் துணி! குப்பத்துச் சிலுவையம்மாள் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு துணி கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்றீங்க?" என்று கத்திவிட்டேன்.

"வேண்டுதல் கண்ணு. என் மருமவளுக்கு வவுறு தொறக்கணும்னு. நீதானே மொதல்ல வந்து கட்னே? வெறுங்காலோட, மந்திரம் சொல்லிக்கினு."

"அது மந்திரமில்லம்மா, கணக்கு!"

"நீங்க மாதா கோவில் ஆளாச்சே" என்றதற்கு, "மாதாவும் கேக்கட்டுமே, இன்னா இப்போ?" என்றார். எனக்கு அழுகை வந்தது. எது என் துணி, எது அவர்கள் துணி? மழையிலும் வெயிலிலும் எல்லாம் ஒரே வெளுப்பு. வரைபடமும் உதவவில்லை, காற்று மேட்டையே நகர்த்திவைத்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு செடிகளில் தனித்தனிப் பையாகப் பறித்து, பையின் எண்ணைக் கீறிய ஓட்டுச்சில்லைச் செடியடியில் புதைத்துவிட்டு வந்திருக்கிறேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

9 ஜூலை, செவ்வாய்

அஜீசாவிடம் புலம்பினேன். என் மேசைக்கு அடுத்த மேசை அவளுடையது. அவள் சிரித்தாள். "அடிப்பாவி, இது நல்லதுதானே? எது எந்தச் செடின்னு உனக்கே தெரியாது. தெரியாமலே செஞ்சு முடி. அப்புறம் போய் முடிச்சைத் தேடு. அப்பவும் ஒத்து வந்தா உன் கையை யாரு குத்தம் சொல்ல முடியும்?"

இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

14 ஜூலை, ஞாயிறு

எல்லாப் பைகளையும் அளந்து முடித்துவிட்டு இன்று மேட்டுக்குப் போனேன். கையெல்லாம் முள். ஒவ்வொரு செடியிலும் துணிகளை விலக்கி விலக்கி அம்மாவின் சேலைக்கரையைத் தேடினேன். ஐந்தும் கிடைத்தன, ஐந்தின் அடியிலும் என் சில்லு இருந்தது. ஐந்து எண்களும் ஜூனில் வந்தவையே! இரண்டு பங்கு வந்த பழம் இந்த முறையும் ஐந்து முடிச்சுச் செடியுடையதுதான்.

ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் என் பொறுமை போய்விட்டது. அந்தச் செடியிலிருந்த துணிகள் அத்தனையையும் பிய்த்து எறிந்தேன். என் துணியை மட்டும் சாரிடம் காட்ட எடுத்துவைத்தேன். இனி அடையாளம் எதற்கு? பக்கத்தில் பனைமரத்து அடிக்கட்டை இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வருவேன்.

சிலுவையம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். "கட்னத அவுக்குறியே கண்ணு. நல்லாவா கீது?"

22 ஜூலை, திங்கள்

சார் தானே உட்கார்ந்து சொட்டு விட்டார். அதே எண். மறுபடி விட்டார். அதே எண். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"சரி. எழுதும்மா. அந்த அஞ்சாவது செடியில நாலு குச்சி வெட்டிக்கிட்டு வா. தோட்டத்துல ஊனிப் பார்ப்போம்."

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "இன்னாடி, பழத்த தின்னுட்டு கிறுக்கு புடிச்சிடுச்சா?" என்றாள்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

மேட்டைச் சுற்றி முள்கம்பி. ஏதோ தொழிற்சாலை வரப்போகிறதாம். சப்பாத்திக் கள்ளியும் புதரும் வெட்டிக் குவித்துக் கிடந்தன. ஆனால் களாச்செடிகள் நின்றன. மஞ்சள் துணியோடு ஒவ்வொன்றாக நின்றன. ஓடினேன்.

பனைக்கட்டைக்குப் பக்கத்தில் வெட்டிய தூர் மட்டும் இருந்தது. அதிலிருந்து பால் வடிந்து காய்ந்திருந்தது. வெட்டிய கிளைகளை முந்தாநாளே கொளுத்திவிட்டார்கள்.

மேஸ்திரி பொறுமையாகத்தான் சொன்னார். "துணி கட்னதுல அருவா வெக்க மாட்டோம்னு ஆளுங்க ஒரே பேஜாரு. சரி, அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்னு வுட்டேன். இது மொட்டையா இருந்துச்சும்மா."

நான்தான் மொட்டையாக்கினேன். நானேதான்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

சாரிடம் சொன்னேன். "அதனால என்ன, மத்த நாலும் இருக்கே. சராசரி போட்டுடு" என்றார். உதவித்தொகை நீடிக்குமாம். சந்தோஷப்படவேண்டும்தான். இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. சராசரியாம்!

18 ஆகஸ்ட், ஞாயிறு

மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேஸ்திரி பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே விட்டார். தூரைக் குனிந்து பார்த்தேன். துளிர் மாதிரி ஒன்று தெரிந்தது. மண்ணாகவும் இருக்கலாம்.

எடுத்துவைத்திருந்த துணியைப் பையிலிருந்து எடுத்தேன். அது நிற்காது என்று தெரிந்தும் அந்தக் கட்டைத் தூரைச் சுற்றிக் கட்டினேன்.

"இன்னா வேண்டிக்கினே?" சிலுவையம்மாள் எப்போது வந்து நின்றாரோ.

"மொளைக்கணும்னு."

அவர் மீன்கூடையை இறக்கிவைத்தார். உட்கார்ந்து, துணி நழுவாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். முடிச்சுப் போட்டேன். இந்த முறை கை நிஜமாகவே ஆடியது.