வத்சலாவின் பண்ணையை அழித்தேன்

கார்த்திகை 14, வெள்ளி

இன்று மத்தியானம் என் மனைவியின் பண்ணையை அழித்துவிட்டேன். கணினி விளையாட்டில் உள்ள பண்ணைதான். ஆனாலும் வத்சலா மூன்று வருடமாகத் தக்காளி நட்டு, மாடு வாங்கி, குளத்தில் மீன் பிடித்து வளர்த்தது. வெள்ளிக்கிழமை வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை என்பதால் விளையாட்டிலும் அன்று தூண்டிலைத் தொடமாட்டாள்.

அது விண்டோஸ் விளையாட்டு. எங்கள் பழைய மடிக்கணினியில் இருப்பது லினக்ஸ். வைன் என்ற மென்பொருளைப் போட்டு அதை ஓடவைத்தவன் நான். ஒரு வாரமாக மாடு கத்தும் சத்தம் வரவில்லை என்றாள். வைன் கோப்புறையை முழுதாக அழித்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவினேன். சத்தம் வந்தது. பண்ணை வரவில்லை. அவள் சேமித்ததெல்லாம் நான் அழித்த கோப்புறைக்குள்தான் இருந்திருக்கிறது. பிரதி எடுக்க எனக்குத் தோன்றவேயில்லை.

அவள் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். திரையில் இருந்த வெறும் நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"மீன் வித்துத்தான் திரும்பத் தொடங்கோணும்," என்றாள்.

"அப்ப பிடியும்," என்றேன்.

"இண்டைக்கு வெள்ளி எல்லே. அழிச்சது நீங்கள், மீனையும் நீங்களே பிடியுங்கோ."

ஒன்றும் சிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மீன் கடித்துவிட்டுப் போனபிறகு, பிந்தித்தான் மவுஸை அமத்தினேன். கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, "இப்ப அமத்துங்கோ, இப்ப," என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு பொறுக்கமுடியாமல் கையை நீட்டினாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பன்னிரண்டு மீன். மவுஸில் அவள் விரல்கூடப் படவில்லை. என் கையின் மேல்தான் இருந்தது.