என் பேருக்கு நானே வர்றேன்

திருத்தணி

அன்பு மகள் கனிமொழிக்கு அம்மா எழுதறது. மலைமேல இருக்கறவன் புண்ணியத்துல நானும் உங்க நைனாவும் சௌக்கியமாத்தான் இருக்கோம். நீ எப்படி இருக்கே, வேளைக்கு சாப்பிடறியான்னு கேக்கத்தான் பேனாவ எடுத்தேன், ஆனா அதையெல்லாம் புனேவுல உன் சிநேகிதி சினேகாவோட அம்மா பாத்துக்கறாங்களாமே, ஞாயித்துக்கெழமை ஆனா வீட்டுக்குக் கூட்டினு போயி சாம்பார் ஊத்தறாங்களாமே, அப்புறம் நான் இன்னாத்துக்குக் கேக்கணும். போன் பண்ணா நீ கிளாஸுக்கு டைமாச்சும்மான்னு வெச்சிடுவே, நானும் அழுதுடுவேன். அதான் கூரியர்ல போடறேன், முழுசாப் படி.

முந்தாநாள் கடைக்கு மாவு அரைச்சிகினு இருக்கும்போது அந்தம்மாவே போன் பண்ணாங்க. நம்ம தமிழ்லதான் பேசறாங்க, இன்னா மரியாத, இன்னா குரலு! நீங்க கவலப்படாதீங்க, கனியும் எனக்குப் பொண்ணு மாதிரிதான்னாங்க. மாதிரியாம்! அப்புறம் ஒவ்வொண்ணா வெளிய வருது. சினேகா கிளாஸுக்கு வராத அன்னிக்கி அவ பேரக் கூப்பிட்டதும் நீ குரல மாத்தி ஆஜர் சொல்லி மாட்டிகினதும், யூனிவர்சிட்டியில ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டி உக்காந்து ரெண்டு பேர் வீட்லேருந்தும் பெரியவங்கள வரச் சொன்னதும், தன் பொண்ணுக்காக வந்த அந்தம்மாவ கையோட உனக்கும் நீ உக்கார வெச்சிகினதும். என் பெரியம்மான்னு சொன்னியாமே! எங்க அம்மாவுக்கு நான் ஒரே பொண்ணுடீ, எனக்கு எங்கேருந்து வந்தா அக்கா?

என்கிட்ட நீ சொன்னது இன்னா? காலேஜ்ல சின்னப் பிரச்சினை, முருகங்கிட்ட வேண்டிக்கோம்மான்னே. அப்புறம் சரியாப் போச்சும்மான்னே. நானும் அவந்தான் கண்ணத் தொறந்தான்னு கிருத்திகை அன்னிக்கி மலையேறி மொட்டை போட்டுகினு வந்துட்டேன். இடுப்பு வரைக்கும் இருந்த முடிடீ. இப்பத்தான தெரியுது, அந்தம்மா போயி இங்கிலீஷ்ல பேசி சரி பண்ணியிருக்காங்க, நான் முருகனுக்கு முடியக் குடுத்திருக்கேன். உங்க நைனா வாட்ஸப்ல அவங்க போட்டோவக் காட்டினாரு, முடிய விரிச்சிப் போட்டுகினு நிக்கறாங்க. எனக்கு வயிறு பத்திகினு எரிஞ்சிது. இவரு வேற, ஆட்டோவ நிறுத்திட்டு வந்ததும் வராததுமா, படிச்சவங்க போனதுதான் நல்லது ஜெயம்மா, உனக்கு அங்க இன்னா பேசத் தெரியும்னாரு. அன்னிக்கி அவருக்கு சட்னி கெடையாது, வெறும் இட்லிதான்.

மறைக்கறதுக்கு இன்னா இருக்கு, பொறாமதான். நீ அவங்க பக்கத்துல உக்காந்துகினு இருந்தத நெனச்சா தூக்கம் வரல. உனக்கு மஞ்சக்காமால வந்தப்போ அரக்கோணம் ஆஸ்பத்திரியில நான்தான ராப்பகலா உக்காந்தேன், உனக்காகத் திட்டு வாங்கறதுக்கு ஒரு நாற்காலி போட்டா அதுல மட்டும் வேற ஒருத்தியா? நான் இட்லிக்காரிங்கறதாலயா? பட்டம் வாங்கற அன்னிக்கி வேணும்னா அவங்கள முன்னாடி உக்கார வெய்யி. இல்ல, அதையும் விடமாட்டேன்.

நல்லா யோசிச்சிப் பாரு கனி. சினேகா பேருக்கு நீ ஆஜர் சொன்னே, என் பேருக்கு அந்தம்மாவ ஆஜர் சொல்ல வெச்சே. ரெண்டும் ஒரே தப்புதான், ரெண்டாவது இன்னும் மாட்டல, அவ்ளோதான். சரியாப் போச்சுன்னியே, இப்ப திங்கக்கெழம மறுபடி கூப்பிட்டுக்கிறாங்களாமே, உன்ன ஆறு மாசம் வெளிய நிறுத்தறதா வேணாமான்னு அன்னிக்கித்தான் முடிவாமே. நானே போயிக்கறேன், நீங்க அலையாதீங்கன்னு அந்தம்மா சொன்னாங்க. ஆங், சரிங்கன்னு சொல்லிட்டு நேரா அரக்கோணம் போயி டிக்கெட் எடுத்துட்டேன். சனிக்கெழம, புனே வழியாப் போற மும்பை ரயில்ல ஏர்றேன். நைனா கடையப் பாத்துக்குவாரு.

அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீயே எழுந்து, பெரியம்மான்னு சொன்னது பொய்னு ஒத்துக்கோ. நான் பேசறத ஒரு வார்த்த கொறைக்காம இங்கிலீஷ்ல சொல்லு. எம் பொண்ணு பண்ணது தப்புதாங்க, தண்டன குடுங்க, படிப்ப மட்டும் நிறுத்தாதீங்கன்னு சொல்லுவேன். ஆறு மாசம் அனுப்பிட்டா எம் பக்கத்துலயே இருப்பியேன்னு ஒரு நிமிஷம் இந்தப் பாவி மனசு சந்தோஷப்பட்டுச்சு. ஒடனே கன்னத்துல போட்டுகினேன். நீ படிக்கணும் கண்ணு.

முருகன் உன்னக் கைவிடமாட்டான், நீ நல்லா இருப்பே. மறக்காம ஸ்டேஷனுக்கு வந்துடு, எனக்குத் தெரிஞ்ச தெலுங்க வெச்சிகினு புனேவுல ஒண்ணும் பண்ண முடியாது. அந்தம்மாவுக்கு இட்லிப்பொடி எடுத்தாறேன், குடுத்துட்டு, ரொம்ப நன்றிங்க, இனிமே நான் பாத்துக்கறேன்னு சொல்லணும். கூட்டத்துல மொட்டத் தலையப் பாத்து என்னக் கண்டுபுடி. உனக்கு வெக்கமா இருந்தா முக்காடு போட்டுக்கறேன், ஆனா வராம இருக்கமாட்டேன். கமிட்டியில உங்க அம்மா யாருன்னு கேட்டா நீ வாயத் தொறக்காத. நானே எழுந்திரிச்சி, உள்ளேன் ஐயான்னு சொல்றேன்.

இப்படிக்கு,
உன்னப் பெத்தவ
ஜெயம்மா