தஹ்மானுக்காக இளைத்தவள்

அக்டோபர் 6, ஞாயிறு

அம்மா வீட்டுக்குத் திரும்பி எட்டு நாள். வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று அறுபத்தெட்டு. எடை தொண்ணூற்றெட்டு. டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தாள், இந்த ஊரில் எல்லோரும் ஆசையாகப் பார்க்கிற அதே கையை. "பதினைஞ்சு கிலோ குறைக்கணும். இப்படியே விட்டா முதல்ல கண்ணு போகும்."

அம்மாவிடம் சொன்னேன். சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இப்பவா? மூணு மாசம் பொறுத்துக்கச் சொல்லு அந்த டாக்டரை."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நுவாக்‌ஷோத்தில் தலாக் வாங்கி வந்த பெண் தாய் வீட்டில் கொழுக்க வேண்டும். கொழுத்தால் விட்டது சனி என்று இருக்கிறாள் என்று பொருள். இளைத்தால் விட்டவனை நினைத்து உருகுகிறாள் என்று பொருள். என்னை விட்ட தஹ்மானே பெருமையாகச் சொல்வான், விருந்தாளி யார் வந்தாலும் சொல்வான்: "என் முதல் பொண்டாட்டி மென்னினா, நான் தலாக் சொன்ன மூணே மாசத்துல கூடாரக் கம்பு மாதிரி ஆயிட்டா, பாவம்." ஒன்பது வருஷம் தேநீர் ஊற்றிக்கொண்டே இதைக் கேட்டிருக்கிறேன். இப்போது ஊரெல்லாம் ரெண்டாவது கம்பு எப்போது என்று காத்திருக்கிறது.

இத்தா என்கிற காத்திருப்புக் காலம் முடிய எனக்கு மூன்றாவது மாதவிலக்கு வர வேண்டும். டிசம்பர் பத்து, பன்னிரண்டு வாக்கில். அதுவரை அவன் "திரும்ப எடுத்துக்கொண்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடி நான் அவன் மனைவி. என்னைக் கேட்க வேண்டியதுகூட இல்லை. முடிந்தபின் என்றால் புது நிக்காஹ், புது மஹர், என் சம்மதம். முடிந்ததும் அம்மா விருந்து வைப்பாள், முரசு, பாட்டு, ஒட்டகக் கறி எல்லாம். அந்த விருந்தில் நான் கூடத்தையே அடைக்கிற பருமனில் உட்கார வேண்டும். அது அவள் கனவு.

அக்டோபர் 9

ஸ்டேடியத்தைச் சுற்றி நடந்தேன். டாக்டர் அனுப்பிய பெண்கள் எல்லோரும் அஸர் தொழுகைக்குப் பின் அங்கேதான் நடக்கிறார்கள். தலையிலிருந்து கணுக்கால் வரை சுற்றிய மெல்ஃபாத் துணி, அதற்குக் கீழே ஓட்டக்காரர்களின் காலணி. ஒரு சுற்று முடிவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அவுரி நீல மெல்ஃபா கட்டிய உயரமான ஒருத்தி என்னை மூன்று தடவை தாண்டிப் போனாள். மூன்றாவது தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். யாரோ. பிடிக்கவில்லை.

இன்று முதல் பால் இல்லை, பேரீச்சம்பழம் இல்லை, வெண்ணெய் இல்லை. அம்மா எனக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

அக்டோபர் 17

இரண்டு கிலோ. முகத்தில் தெரிகிறதாம். அம்மா சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

அக்டோபர் 20

தெஸ்லெம் வந்தாள். சந்தையில் மெல்ஃபாக் கடை வைத்திருப்பவள், பள்ளிக்கூடத்திலிருந்தே என் சிநேகிதி, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பாள். ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். இடுப்புக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, மேல்கைகளுக்கு இரண்டு. எல்லாம் பஞ்சு வைத்துத் தைத்தது.

"நீ உள்ள இளைச்சுக்கோடி. வெளிய நான் பார்த்துக்கறேன்."

"கை தெரியுமே. மெல்ஃபாவுல கைதானே முதல்ல தெரியும்?"

"முழுக்கைச் சட்டை போடு. கேட்டா, புது ஃபேஷன், துபாய்லேர்ந்து வந்ததுன்னு சொல்லு."

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். என்னை அப்படி முத்தமிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன்.

அக்டோபர் 24

பள்ளியில் தலைமை ஆசிரியை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "தாய் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிச்சு போல" என்றாள். முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் மூன்று கிலோ பஞ்சுக்குள் நின்று பின்னம் சொல்லிக்கொடுத்தேன். வேர்வையில் பஞ்சு இன்னும் கனத்துவிட்டது. உடம்பை இறக்கி வைத்த இடத்தில் மெத்தையைச் சுமக்கிறேன். ஆனால் ஒன்று. மாடிப்படி ஏறியபோது மூச்சு வாங்கவில்லை.

நவம்பர் 3

அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை. அவன் தேநீர் ஆற்றும்போது உதட்டைக் குவித்து ஒரு பாட்டை முணுமுணுப்பான், அது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். பத்து நிமிஷம் அழுதேன். அம்மாவுக்குத் தெரியாமல் முகம் கழுவினேன்.

எடை தொண்ணூற்று இரண்டு. நடப்பதாலா, இதனாலா? டாக்டரின் எந்திரத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போகட்டும்.

நவம்பர் 14

அத்தை மகள் கல்யாணம். தஹ்மானின் தங்கை மக்ஃபூலாவும் வந்திருந்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், "மாஷா அல்லாஹ் அண்ணி, என்னமா பூரிச்சிருக்கீங்க" என்று என் மேல்கையைக் கிள்ளினாள். பஞ்சில் எங்கே வலிக்கும்? அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு "ஐயோ" என்று சொல்லவேண்டும் என்று உறைத்தது. சொன்னேன். கொஞ்சம் தாமதமாகத்தான்.

"வலி தெரியாத அளவுக்குச் சந்தோஷமா?" என்றாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் தெஸ்லெம் வண்டி ஓட்ட முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒன்பது வருஷமாக இப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை. தஹ்மானுக்கு முன்னால் சிரித்தால் "யாரைப் பார்த்துச் சிரிக்கிறே?" என்பான். தலாக்குக்கும் அதுதான் காரணம். அவன் கார் மணலில் புதைந்தது, நண்பர்களுக்கு முன்னால் அவன் தோண்டத் தோண்ட இன்னும் புதைந்தது, நான் சிரித்துவிட்டேன். அன்று மாலையே சொல்லிவிட்டான்.

நவம்பர் 26

தஹ்மானுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். நான் பூரித்திருக்கிறேன் என்று மக்ஃபூலா போய்ச் சொன்னதிலிருந்து. நடுக்கூடத்தில் எழுந்து நின்று, "எதைத் தின்கிறாள்? யார் கொடுக்கிறான்?" என்று கேட்டானாம். அம்மா இதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போல. அவள் முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது.

எனக்கும் ஒரு நிமிஷம் இனித்தது. வரட்டுமே என்றுகூட நினைத்தேன். பொய் எழுதுவானேன், ஒரு நிமிஷம் இல்லை, ஒரு முழு நாள் நினைத்தேன்.

டிசம்பர் 4

எண்பத்து நான்கு. சர்க்கரை நூற்று முப்பத்தாறு. ஆறு சுற்று. அவுரி நீலக்காரி இப்போது என்னை ஒரு தடவைதான் தாண்டுகிறாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

மக்ஃபூலா வந்தாள். "அண்ணி, வியாழக்கிழமை அண்ணன் வர்றாரு. பெரியண்ணனையும் சாட்சிக்குக் கூட்டிட்டு வர்றாரு. உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னு ஆசை. வெள்ளிக்கிழமை நீங்க நம்ம வீட்டுல."

வரட்டுமே என்று நினைத்தவள் எங்கே போனாள்? அந்த வீட்டு வாசல், அந்தக் கூடம், "யாரைப் பார்த்துச் சிரிக்கிறே". வேண்டாம். வேண்டவே வேண்டாம். இவ்வளவு நிச்சயமாக எதையும் நான் வேண்டாம் என்றதில்லை.

விலக்கு பதினொன்றில் வர வேண்டும். வந்தால் தப்பித்தேன், அவன் வார்த்தைக்கு மதிப்பில்லை. வராவிட்டால்?

வந்துவிட்டது என்று சொல்லிவிடு என்கிறாள் தெஸ்லெம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? உண்மைதான். ஆனால் அதில் அல்லாஹ்வுக்குக் கணக்கு உண்டு. அவனிடம் பொய் சொல்லமாட்டேன்.

டிசம்பர் 11

வரவில்லை.

எதற்காக வருகிறான்? என் மேல் ஆசையா? இல்லை. அவன் இல்லாமல் ஒருத்தி பூரித்திருக்கிறாள், அதைத் தாங்க முடியவில்லை. நாங்கள் தைத்த பஞ்சுதான் அவனை இழுத்துக்கொண்டு வருகிறது. முதல் மனைவியை ஏன் அவன் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை? கம்பு ஆனதால். கம்பு ஆனவளைப் பற்றி ஆயுசுக்கும் பெருமையாகப் பேசலாம், கூட்டிவர வேண்டியதில்லை.

அம்மாவிடம் சொன்னேன், நாளைக்குப் பஞ்சு கட்டமாட்டேன் என்று.

"ஊர் என்ன சொல்லும் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்காக உருகினேன்னு அவன் சொல்லணும். அவனுக்காக உருகினேன்னு நீ சொல்லப் போறியா? என் வீட்டுல இருந்துக்கிட்டு?"

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அவரா நினைச்சுக்கட்டும்."

"ஒருவேளை பாவம் பார்த்துக் கூட்டிட்டுப் போனா?"

கேட்டுவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். இரவுச் சாப்பாட்டை என் முன்னால் சாப்பிடவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

வரவில்லை. அவன்தான் வந்தான்.

இருப்பதிலேயே மெல்லிய மெல்ஃபாவைக் கட்டினேன். அரைக்கைச் சட்டை. தோல் தொங்குகிற மேல்கை இரண்டும் வெளியே. எண்பத்து மூன்று கிலோ எலும்புக்கூடு! கூடத்துக்குள் நுழைந்ததும் தஹ்மான் நின்றுவிட்டான். அவனுடைய அண்ணன் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். நான் உட்கார்ந்து தேநீர் ஆற்றினேன்.

"ஸெலேகா, என்ன இது? சாப்பிடறதே இல்லையா?"

"முன்ன மாதிரி சாப்பிட முடியல."

"மக்ஃபூலா வேற மாதிரி சொன்னாளே."

"வெளிய போறப்ப பஞ்சு வெச்சுக் கட்டிக்கிட்டுப் போனேன். அம்மாவுக்காக."

மறைக்கப் பஞ்சு அடைத்தாள் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். அவன் முகத்தில் முதல் வெளிச்சம் வந்தது.

"பகல்ல என்ன பண்றே?"

"பள்ளிக்கூடம். சாயங்காலம் நடக்கிறேன்."

"எங்க?"

"எங்கயும் இல்ல. சுத்திச் சுத்தி ஒரே இடத்துல."

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். இப்படியே விட்டா கண்ணு போயிடும்னாங்க."

"இனிமே அழாதேம்மா" என்றார் அண்ணன். நல்ல மனிதர். அவரைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"என்னை நினைக்கிறியா?" தஹ்மான் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இந்த வாரம் பூரா தூக்கமே இல்ல."

ஒரு பொய் சொல்லவில்லை. ஒன்று கூட இல்லை.

மூன்றாவது கோப்பையை வாங்கிக்கொண்டு, "ஸெலேகா, நான்..." என்று ஆரம்பித்தான். தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டேன். அதையும் பார்த்தான். அந்தத் தடுமாற்றம் நிஜம். சொல்லிவிடுவான், சொல்லப்போகிறான் என்று காது அடைத்தது. அவன் கோப்பையை வைத்துவிட்டு, சீட்டாட்டத்தில் ஜெயித்தபின் பின்னால் சாய்ந்துகொள்வான், அப்படிச் சாய்ந்தான்.

"நான் என்ன சொல்றேன்னா, மனசைத் தேத்திக்கோ. அல்லாஹ் உனக்கு நல்லதையே எழுதியிருப்பான்."

செருப்புப் போடும்போது அண்ணன் மெதுவாக, "டேய், சொல்ல வந்ததைச் சொல்லலையே" என்றது காதில் விழுந்தது. "பாவம், விடுங்கண்ணே. முதலாமவளும் இப்படித்தான்" என்றான் தஹ்மான். சொல்லிவிட்டு அந்தப் பாட்டை முணுமுணுத்தான்.

ஒன்பது வருஷம். கண் கலங்கியது. அவன் போன பிறகுதான், நல்லவேளை.

டிசம்பர் 14

விடியற்காலையில் வந்தது. அல்ஹம்துலில்லாஹ். மூன்று நாள் தள்ளி வந்ததற்காக அதைத் திட்டிக்கொண்டே சிரித்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

விருந்து நடந்தது. ஒட்டகம் வேண்டாம், ஆடு போதும் என்றாள் அம்மா. முரசு தட்டினார்கள். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு தடவை கையைத் தடவிப் பார்த்தார்கள். "எப்படி இருந்த பொண்ணு" என்று ஒருத்தி. "அவனுக்காகவே உருகிட்டா" என்று இன்னொருத்தி, எனக்குக் கேட்கும்படி. பாட்டுக்காரி அதையே இரண்டு அடி கட்டிப் பாடிவிட்டாள். நன்றாகவே இருந்தது, மெட்டு.

அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. பரிமாறிக்கொண்டே இருந்தாள். அவளைப் பார்க்கத்தான் தாங்க முடியவில்லை. எல்லோரும் போனபின் காலியான தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தாள்.

"இப்ப சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டாள்.

இரண்டரை மாதத்தில் முதல் தடவை. சொன்னேன்.

ஜனவரி 5

பஞ்சையெல்லாம் பிரித்து அம்மா கூடத்துக்கு இரண்டு தலையணை தைத்துவிட்டாள். நேற்று மக்ஃபூலா அதில் ஒன்றில் சாய்ந்துகொண்டு, தஹ்மான் புதுப் பெண் பார்ப்பதாகச் சொன்னாள். பெண் வீட்டில் என் கதையையும் சொல்கிறானாம். இப்போது அவன் கணக்கில் இரண்டு கம்பு.

இன்று எட்டுச் சுற்று. கடைசிச் சுற்றில் அவுரி நீலக்காரியை எட்டிப் பிடித்துவிட்டேன். அவள் வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் நடந்தாள். கிட்டத்தில் பார்த்தால் நாற்பத்தைந்து இருக்கும். நல்ல ஆரோக்கியம்.

"ஸெலேகாதானே? நான் மென்னினா."

அந்தப் பெயரை ஒன்பது வருஷமாகத் தேநீரோடு கேட்டிருக்கிறேன். முதல் கம்பு. நின்றுவிட்டேன்.

"நிக்காத, மூச்சு விட்டுப் போயிடும்" என்றாள். அடுத்த வளைவைத் தாண்டினோம். பிறகு கேட்டாள்: "எத்தனாவது கோப்பையில எழுந்து போனான்?"

"மூணாவது."

"எனக்கு ரெண்டாவதுலயே போயிட்டான். நான் இருமிக்கூடக் காட்டினேன்."

அங்கேயே, ஸ்டேடியம் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் சிரித்தோம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு இன்னும் ஒரு சுற்று நடந்தோம்.