மெல்ல உதைக்கும் தோட்டா

போன வாரம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் என் கைப்பையின் வார் அறுந்துவிட்டது. வாசலோரம் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அவர் ஊசியில் கோக்கும் முன் நூலைத் தேன்மெழுகு உருண்டையின்மேல் வைத்து இழுத்தார். வெயிலில் இளகிய மெழுகின் வாசம் மூக்கில் ஏறியதும் அங்கேயே சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னாம்மா, மயக்கமா?" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஒன்றுமில்லை என்றேன். நீங்கள் வந்து பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்த வாசம் உங்களுடையது. கடலூர் முதுநகரில் உங்கள் அப்பா நடத்திய துப்பாக்கிக் கடையின் பின்கட்டில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நீங்கள் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பீர்கள். ஆறிய குண்டுகளுக்குத் தேன்மெழுகும் கொழுப்பும் சேர்ந்த பூச்சைத் தடவுவீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் சட்டையிலும் தலையணையிலும் அந்த வாசம்தான். குளித்துவிட்டு வந்தாலும் போகாது. நான் காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். வயலில் பன்றி விரட்ட யாரோ வெடிக்கிற சத்தத்தைத் தூரத்தில் கேட்டதோடு சரி. துப்பாக்கிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டேன் என்று என் தங்கைகள் கிண்டல் செய்தார்கள்.

சீனப் போர் முடிந்திருந்த சமயம் அது. ஊருக்கு ஊர் ரைஃபிள் கிளப் தொடங்கினார்கள். நம் ஊர்க் கிளப்புக்குத் தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, ஒரு மணல்மேட்டை அணையாக வைத்து இடம் ஒதுக்கியிருந்தார்கள். மாவட்டத்தில் பிஸ்டல் சுடுவதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நான் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள். ஒரு நாள் நீங்களே சின்னத் துப்பாக்கியை என் கையில் கொடுத்து, "சும்மா ஒண்ணு போட்டுப் பாரு டீச்சர்" என்றீர்கள். சிதம்பரத்துப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்ததால் வீட்டில்கூட உங்களுக்கு நான் டீச்சர்தான். சும்மா போட்ட குண்டுகள் எல்லாம் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. நீங்கள் குறி அட்டையைக் கழற்றி வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சின்னத் துப்பாக்கி சுடும்போது கையை உதைக்காது. தகராறு ரிவால்வரில் தொடங்கியது. பெரிய போட்டிகள் அதில்தான் என்று நீங்கள் அதைப் பழக்கினீர்கள். கம்பெனித் தோட்டா அப்போது கிடைப்பதே அரிது. கிடைத்ததும் முரட்டுத் தோட்டா. சுட்ட கை தோள்வரை அதிரும். ஒரு மாதத்தில் என் குண்டுகள் எல்லாம் அட்டையின் கீழ்ப் பக்கம் விழத் தொடங்கின. எனக்குக் காரணம் புரியவில்லை. நீங்கள் என்னிடம் சொல்லாமல் தோட்டாக்களுக்கு நடுவே வெடிமருந்தில்லாத ஒரு வெற்றுத் தோட்டாவைப் போட்டு வைத்தீர்கள். அதன்மேல் ரிவால்வரின் சுத்தி விழுந்தபோது சத்தம் வரவில்லை. ஆனால் என் கை தானாகக் கீழே குத்திற்று. கண்ணும் மூடியிருந்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நீங்கள் சிரிக்கவில்லை.

"அது உன்ன உதைக்கறதுக்கு முன்னாடி நீ அத உதைக்கற. உன் மேல தப்பில்ல. தோட்டா சரியில்ல" என்றீர்கள்.

அன்றிலிருந்து எனக்கென்று தோட்டா செய்வது உங்கள் வேலையாயிற்று. தோட்டா நிரப்பும் லைசென்ஸ் கடைக்கு இருந்தது. உங்கள் அப்பா பேரில். அவர் விவசாயிகளின் துப்பாக்கிகளுக்கு நிரப்பிக் கொடுப்பார். ரிவால்வர் தோட்டாவைத் தொடுவது நீங்கள் மட்டும்தான். குண்டைக் கனம் குறைத்தால் உதை குறையும் என்பது உங்கள் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று டம்ளர்களில் மூன்று விதத் தோட்டாக்களை வைத்தீர்கள். எது எது என்று சொல்ல மாட்டேன், கை என்ன சொல்கிறதோ அதை மட்டும் சொல் என்றீர்கள். முதல் டம்ளர் தோட்டா அறைந்தது. உள்ளங்கையில் பிரம்படி பட்டதுபோல் சுருக்கென்று இருந்தது. இரண்டாவது அறையவில்லை, தள்ளியது. வாசலில் நிற்பவளை யாரோ தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு உள்ளே போகிறதுபோல. மூன்றாவதில் கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் அட்டையில் ஓட்டைகள் மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. நான் இரண்டாவது டம்ளரைத் தொட்டேன்.

உங்கள் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதல் டம்ளரில் இருந்ததுதான் நீங்கள் எனக்காகப் பார்த்துப் பார்த்து வார்த்த லேசான குண்டு. இரண்டாவதில் இருந்தது கனமான குண்டு. மருந்தைக் குறைத்து மெதுவாகப் போகும்படி செய்தது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அதையும், மருந்தை இன்னும் குறைத்த மூன்றாவதையும் வைத்தீர்களாம். டம்ளர்களை மாற்றி மாற்றி வைத்து மறுபடி சுடச் சொன்னீர்கள். கை மறுபடியும் அதையேதான் சொன்னது. "என் கணக்கு தப்பு டீச்சர்" என்று ஒத்துக்கொண்டீர்கள். உங்களுக்கு அதில் வருத்தம் இல்லை. புதையல் எடுத்தவர்போல இருந்தீர்கள். பின்பு வாரக் கணக்கில் அந்த இரண்டாவது தோட்டாவையே கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, அட்டையில் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற இடம்வரை கொண்டுவந்தீர்கள். அதைக் கையில் வாங்கிச் சுடும்போது கண் தானாகத் திறந்திருந்தது. குழல் மேலே எழுவதையும் திரும்ப இறங்கி வந்து உட்காருவதையும் என்னால் பார்க்க முடிந்தது.

மெட்ராஸில் மாநிலப் போட்டி வந்தது. ரிவால்வருக்கு மாவட்டத்திலிருந்து ஒருவர்தான் போகலாம். ஆணுக்கு, பெண்ணுக்கு என்று தனித்தனி இல்லை. தேர்வு நாளில் நான் காலையில் முதல் வரிசையில் சுட்டேன். நீங்கள் அடுத்த வரிசையில். நீங்கள் சுடுவதைப் போட்டியில் நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. சவுக்குத் தோப்புக்குள் போய்க் கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அலைச் சத்தத்தில் வெடிச் சத்தம் எதுவும் சரியாகக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது பரங்கிப்பேட்டை பாய் என்னை எதிர்கொண்டு வந்தார். உங்களோடு படித்தவர், கிளப்பில் உங்களுக்கு அடுத்த ஆள். "தங்கச்சி, நீதான்" என்றார். நீங்கள் இரண்டு பாயிண்டில் என்னிடம் தோற்றிருந்தீர்கள். பாய் உங்கள் பக்கம் திரும்பி, "வீட்டுலயே எதிரிய வச்சு சோறு போட்டுக்கினு இருந்திருக்க மச்சான்" என்று சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

டவுன் பஸ்ஸில் வீடு திரும்பும்போது நீங்கள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். இடத்தை உங்களுக்கே விட்டுக்கொடுத்துவிடலாமா, கிளப்பில் அதற்கு விடுவார்களா என்றெல்லாம் என் மனது அலைந்தது. கெடிலம் பாலம் தாண்டும்போது நீங்கள் திரும்பினீர்கள்.

"கடைசி அட்டையில ஒண்ணு மட்டும் எடது பக்கம் தள்ளிப் போச்சே. அப்ப இன்னா ஆச்சு உனக்கு?"

அவ்வளவு நேரமும் உங்கள் மனதில் ஓடியது என்னுடைய ஒரு குண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்த கண்டக்டர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடையில் இது லேசாக முடியவில்லை. வாடிக்கையாளர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஒருவர், மருமகளிடம் தோற்ற பிள்ளை செய்கிற தோட்டாவை நம்பி வாங்கலாமா என்றுகூடக் கேட்டாராம். அன்று சாயங்காலம் உங்கள் அப்பா பின்கட்டுக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். லைசென்ஸ் தன் பேரில் இருக்கிறது, இனி இந்த வீட்டில் ரிவால்வர் தோட்டா கிடையாது, மெட்ராஸுக்குப் போகிறவள் அங்கே விற்கிற தோட்டாவை வாங்கிச் சுடட்டும் என்றார். மிச்சமிருந்த என் தோட்டாக்களும் உள்ளேதான் இருந்தன. அந்த முரட்டுத் தோட்டாவை நினைத்ததுமே என் கை சுருங்கியது. போகவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

நீங்கள் சத்தம் போடவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தீர்கள். பிறகு எதிரில் உட்கார்ந்து, "நான் அவகிட்ட தோக்கலப்பா. நான் பண்ண தோட்டாகிட்டதான் தோத்தேன். மாவட்டத்துலயே நல்ல தோட்டா நம்ம கடையில பண்றாங்கன்னு சொல்லுங்க" என்றீர்கள்.

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. சாவியை எடுத்து உங்கள் முன்னால் வைத்தார். அடுத்த நாளே அதைக் கடையில் சொல்லவும் தொடங்கிவிட்டார், குறிஞ்சிப்பாடிக்காரருக்கும் சொன்னார்.

எனக்கு அந்தப் பதில் தைத்தது. அதை உங்களிடம் சொல்லவில்லை. தினமும் சிதம்பரத்துக்குப் போகும் பாசஞ்சர் ரயிலில், பரங்கிப்பேட்டையில் ஏறும் மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மாமனார் கடையில் சொல்வது சரிதானே என்று நினைத்துக்கொள்வேன். நீங்கள் உங்கள் வழக்கமான தோட்டாவில் சுட்டீர்கள். நான் மெல்ல உதைக்கிற தோட்டாவில் சுட்டேன். இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேறு எங்கிருந்து வரும்?

மெட்ராஸில் போட்டி நாள் காலையில், எழும்பூர் ஓட்டலில் வைத்த பொங்கல் எனக்கு இறங்கவில்லை. முந்தின நாள் அங்கே வந்தவர்களைப் பார்த்திருந்தேன். பட்டாளத்து ஆட்கள், போலீஸ் ஆட்கள். அவர்களுக்கு நடுவே புடவை கட்டிக்கொண்டு நான் ஒருத்தி. அடக்கி வைத்திருந்தது வாய்விட்டு வந்துவிட்டது.

"அவுங்கள்லாம் நெஜமா சுடறவுங்க. இந்தத் தோட்டா இல்லன்னா நான் ஒண்ணுமே இல்லங்க."

நீங்கள் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தீர்கள். அது ஆறியும் ஆற்றினீர்கள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. செலக்‌ஷன் அன்னைக்கு என் டப்பாலயும் உன் தோட்டாதான் இருந்துது."

எனக்கு உடனே புரியவில்லை.

"முந்தின வாரமே போட்டுப் பாத்துட்டேன். என்னோடத விட அது நல்லா சுட்டுது. ஜெயிக்கணும்னு ஆச இருக்காதா எனக்கு? அதான் நானும் அதையே போட்டுக்கினேன். ரெண்டு பேருக்கும் ஒரே தோட்டா. அப்பவும் நீதான் ஜாஸ்தி."

"உங்க அப்பாகிட்ட வேற மாதிரி சொன்னீங்களே."

"அவருக்கு அது போதும். உனக்கு அது போதாது."

நான் பொங்கலை எடுத்து முழுதும் சாப்பிட்டேன். இன்னொரு வடையும் கேட்டேன்.

அன்று எனக்கு நாலாவது இடம். மெடல் இல்லை. ஆனால் சுட்ட ஒவ்வொரு குண்டும் என்னுடையது என்று தெரிந்து சுட்டேன். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உங்களிடம் ஒரு பட்டாளத்துக்காரர், நீங்கள் சுடவில்லையா என்று கேட்டாராம். வீட்டில் என்னைவிட நன்றாகச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னீர்களாம். இதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. அவரே வந்து சொன்னார்.

மகள் பிறந்தாள். பள்ளியில் வேலை கூடியது. கிளப்புக்குப் போவது குறைந்து ஒரு கட்டத்தில் நின்றும் போயிற்று. உங்கள் அப்பா கடைசிவரை அந்தத் தோட்டாக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டுவீர்கள். ஒரு தடவைகூட என் பக்கம் பார்த்துக் கண் சிமிட்டியதில்லை. அவரை வைத்து நம் இருவருக்குள் ஒரு கேலி உண்டாகக் கூடாது என்று இருந்தீர்கள். அது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கிற்று.

நீங்கள் போன பத்தாம் நாள் பாய் வந்தார். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். உங்கள் படத்தின் முன் நின்றார். பிறகு மகளிடம், "உங்கப்பா பண்ண தோட்டாம்மா அது. அத வச்சுதான் உங்கம்மா எங்க எல்லாரையும் அடிச்சாங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவருக்கு டீ கொடுத்தேன்.

அவர் போனபிறகு, அது நிஜமா என்று மகள் கேட்டாள். அவளிடம் சொன்னேன். ஒரே தோட்டா என்பதையும், நீங்கள் ஜெயிக்க ஆசைப்பட்டதையும், காப்பி ஆறிப்போனதையும் சொன்னேன். அவள் உங்கள் படத்தைப் பார்த்தாள். சாவு வீடு என்பதையும் மறந்து சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சமையல்கட்டிலிருந்த உறவுக்காரர்கள் என்னவோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். சிலர் எனக்காக விட்டுக்கொடுத்தும் இருக்கிறார்கள். என்னை ஜெயிக்க முழு மனதோடு முயன்று, தோற்று, அதை என்னிடமே வந்து சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் இப்போது காலையில் எழுந்திருக்கிறேன்.